நலங்குத் தேங்காயும் தங்கப் பதக்கமும்

விழுப்புரம் ஜங்ஷனில், திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் வண்டிக்காக நீங்கள் எத்தனையோ தடவை காத்திருந்திருப்பீர்கள். அடுத்த முறை காத்திருக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். எதிரே நிற்கும் ரயிலில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் நிதானமாகக் கண்ணால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 23 மீட்டர் இருக்கும். அந்தக் கோடியில், தரையில், ஒரு சாத்துக்குடி வைத்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கோடியில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் கையில் உரித்த தேங்காய் அளவில், ஒன்றரைக் கிலோ கனத்தில் ஓர் உருண்டை. அதைத் தரையோடு தரையாக உருட்டிவிட்டு, சாத்துக்குடியின் பக்கத்தில் ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டு போய் நிறுத்த வேண்டும். தாண்டி ஓடவும் கூடாது. பாதி வழியில் படுத்துக் கொள்ளவும் கூடாது.

"இதென்ன பிரமாதம்? நாலு தடவை பழகினால் வந்துவிட்டுப் போகிறது!" என்று உங்களில் சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். அந்த உருண்டை நேராகப் போகாது.

கல்யாண வீட்டு நலங்கில் தேங்காய் உருட்டியிருக்கிறீர்கள் அல்லவா? பெண் நேராகத்தான் உருட்டுகிறாள். தேங்காயோ பாதி ஜமக்காளம் வரையில் ஒழுங்காகப் போய்விட்டு, பிறகு என்ன தோன்றுகிறதோ, மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் தமக்கை மடியில் போய் விழுகிறது. கொல்லென்று சிரிப்பு. தேங்காய் சரியான உருண்டையாக இல்லாததுதான் காரணம். 'லான் பௌல்ஸ்' என்று சொல்லப்படும் புல்தரை உருட்டுப் பந்தாட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அந்தப் பந்தை வேண்டுமென்றே ஒரு பக்கம் சற்றுக் கோணலாகச் செதுக்கியிருக்கிறார்கள். வேகமாகப் போகிறவரையில் அது நல்ல பிள்ளை மாதிரி நேராகப் போகும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து கொண்டே வந்து நிற்கும். அந்த நாளில் மரப் பந்துக்குள் ஈயத்தைப் பதித்துக் கோணல் உண்டாக்குவார்களாம். இப்போது எல்லாம் கெட்டியான பிளாஸ்டிக். கோணல் அதன் உருவத்திலேயே இருக்கிறது.

ஆகவே, சாத்துக்குடியைப் பார்த்து உருட்டினால் பந்து சாத்துக்குடிக்குப் போகாது. எங்கேயோ வலது பக்கத்து வெற்று வெளியைப் பார்த்து உருட்ட வேண்டும். அது அங்கே போவது போலப் போய், மனம் மாறித் திரும்பி, சாத்துக்குடியின் காலடியில் வந்து உட்கார வேண்டும்.

இந்த விளையாட்டில்தான் நம் நாட்டுப் பெண்கள் நான்கு பேர், 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி, இங்கிலாந்தில் நடந்த காமன்வெல்த் விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். விழா பர்மிங்ஹாமில்; இந்த ஆட்டம் மட்டும் பக்கத்து ஊரான லீமிங்டன் ஸ்பாவின் விக்டோரியா பூங்காவில். அன்று காலை வரையில் இப்படி ஒரு விளையாட்டு உண்டென்பதே நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சாயங்காலம் டெலிவிஷனில் பார்த்துவிட்டு, "கோலி மாதிரி இருக்கிறதே!" என்றார்கள். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கோலியனூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதற்கும் கோலிக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் கோலி மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்கள் ரொம்பத் தப்பாகச் சொல்லிவிடவில்லை. இரண்டிலும் விரல்தான் ராஜா.

அந்த நால்வர் யார் என்று கேளுங்கள். முதலில் உருட்டுபவர் லவ்லி சௌபே. ஜார்க்கண்ட் போலீஸில் கான்ஸ்டபிள். ஓட்டப் பந்தயத்தில் ஓடிக் கொண்டிருந்தவர். உடம்பில் அடிபட்டு ஓட்டத்தை விட்டவர். இரண்டாவது பிங்கி சிங், டில்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மூன்றாவது நயன்மோனி சைக்கியா. அஸ்ஸாமில் கோலாகாட் பக்கத்து விவசாயக் குடும்பம், வனத்துறையில் உத்தியோகம். பளு தூக்கும் வீராங்கனையாக இருந்து, காலில் காயம் பட்டு, இந்தப் பக்கம் வந்தவர். நான்காவது, அணியின் தலைவி, ரூபா ராணி திர்க்கி. ராஞ்சிக்காரர், கபடி ஆடியவர், ஜில்லா விளையாட்டு அதிகாரி. இருவர் நாற்பதை ஒட்டியவர்கள், மற்ற இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். "இனிமேல் என்ன விளையாட்டு வேண்டியிருக்கிறது?" என்று நம் வீடுகளில் கேட்கிற வயது.

இந்தியா இந்த ஆட்டத்தில் காமன்வெல்த் விழாவுக்குள் காலெடுத்து வைத்ததே 2010-இல், டில்லியில்தான். அப்போதும் பதக்கம் இல்லை. 2014-இல் கிளாஸ்கோவிலும் இல்லை. 2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டிலும் இல்லை. பன்னிரண்டு வருஷ காலம் வெறுங்கையோடு திரும்பும் ஆட்டத்துக்கு யார் பணம் தருவார்கள், யார் லீவு தருவார்கள்? நாலாவது தடவையும் வெறுங்கை என்றால் அந்த நால்வரின் ஆட்டம் அத்தோடு முடிந்து போனாலும் கேட்பாரில்லை. இதை மனத்தில் வைத்துக் கொண்டு, இனி அவர்கள் கையைப் பாருங்கள்.

முதலில் பந்தைத் தேர்ந்தெடுக்கிற விஷயம். வளையல் கடையில் நாம் கையைக் குவித்து அளவு பார்ப்பதில்லையா? அதுபோல இதற்கும் அளவு உண்டு. இரண்டு கைகளின் கட்டை விரல்களையும் நடு விரல்களையும் பந்தைச் சுற்றி, அது உருளும் வரியின் மேலே வளையம் போல வைத்தால், நுனியும் நுனியும் தொட்டுக் கொள்ள வேண்டும். எட்டவில்லையானால் பந்து உங்களுக்குப் பெரிது. இன்னொரு சோதனையும் செய்வார்கள். ஒரே கையில் பந்தைப் பற்றி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக் கொண்டு நிற்பது. நழுவாமல் நின்றால் சரி. வயது ஏற ஏற விரலின் பிடி தளரும் அல்லவா? விஷயம் தெரிந்தவர்கள் தயங்காமல் ஓர் அளவு சின்னப் பந்துக்கு இறங்கி விடுவார்கள். வீம்புக்குப் பெரிய பந்தையே வைத்துக் கொண்டு மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

பிடிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 'கிளா' பிடி. பறவை தன் நகத்தால் பழத்தைக் கவ்வுவது போல. விரல்கள் அடியில் பரந்திருக்க, நடு விரல் பந்து உருளும் வரியின் மத்தியில் நீண்டிருக்கும். கட்டை விரல் பக்கவாட்டில் சற்று மேலேறிப் பந்தைப் பிடித்துக் கொள்ளும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். மற்றொன்று 'கிரேடில்' பிடி, அதாவது தொட்டில். பந்து உள்ளங்கையில் சொகுசாகப் படுத்துக் கொள்ளும்; கட்டை விரல் கீழே இறங்கியிருக்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கும், மூட்டு வலிக்காரர்களுக்கும், பந்தைப் பலமாகத் தள்ள வேண்டிய ஈரத் தரைக்கும் தொட்டில் பிடி உதவும். ஆனால் நூல் பிடித்தாற்போல நிறுத்த வேண்டுமென்றால் விரல் நுனியின் உணர்ச்சி வேண்டும். அது முதல் பிடியில்தான் அதிகம். பிடி பலமாக இருக்கலாமா? கூடாது. குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு தெருவைக் கடக்கும்போது பிடிப்போமே, விடவும் மாட்டோம், நசுக்கவும் மாட்டோம், அந்தப் பிடிதான் சரி.

தப்பு எங்கே வருகிறது தெரியுமா? சுண்டு விரலில். அது தன் பாட்டுக்குப் பந்தின் பக்கத்தில் மேலே ஏறிக் கொண்டு, விடும் சமயத்தில் பந்தை லேசாக ஒரு தள்ளுத் தள்ளிவிடும். உடனே பந்து, ஆட்டம் முடியப் போகும் பம்பரம் போலத் தள்ளாடிக் கொண்டு போகும். தள்ளாடும் பந்து ஒழுங்காக வளையாது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. கட்டை விரல் தாமதித்தாலும் இதே கதிதான். பல வருஷம் ஆடியவர்கள்கூடத் திடீரென்று ஒரு நாள் பந்து தள்ளாடுவதைக் கண்டு திகைப்பார்கள். விரல் அரை அங்குலம் இடம் மாறியிருக்கும், அவர்களுக்கே தெரிந்திருக்காது. பழையபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பந்தின் நடு வரியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு உருட்டிப் பார்ப்பது நல்ல யுக்தி. கோடு நிலையாக நிற்கிறதா, நெளிகிறதா என்று பார்த்தால் போதும், குரு வேண்டாம்.

கிரிக்கெட்டில் ரவிச்சந்திரன் அசுவின் நடு விரலால் பந்தைச் சொடுக்கிவிடுவாரே, அதைப் பற்றி நம் பத்திரிகைகள் எத்தனை படம், எத்தனை அம்புக்குறி போட்டிருக்கும்! 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது டெஸ்டில் 537 விக்கெட் கணக்கு. அந்த விரலுக்கு மரியாதை வேண்டியதுதான். நயன்மோனியின் விரலுக்கு யாராவது ஓர் அம்புக்குறி போட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பிடி சரியானால் போதாது. உருட்டும்போது ஒரு காலாவது பாயின் மேல், அல்லது பாய்க்கு நேர் மேலே, இருக்க வேண்டும் என்பது சட்டம். கை கடிகாரத்தின் பெண்டுலம் மாதிரி பின்னால் போய் முன்னால் வரும், அதே சமயம் எதிர்க் கால் ஓர் அடி முன்னே போகும், முழங்கால் மடியும். பந்து புல்லைத் தொடும் உயரத்தில் விரல்கள் அதை விட்டுவிட வேண்டும். மேலிருந்து 'தொப்'பென்று போட்டால் வேகமும் போச்சு, தரையும் போச்சு. விட்ட பிறகும் கை நின்றுவிடக் கூடாது. உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி, பந்து போகிற திசையிலேயே போய் ஓய வேண்டும். தலையை உடனே தூக்கி 'எங்கே போயிற்று?' என்று பார்ப்பது அடுத்த பெரிய குற்றம். அடுப்பில் வைத்த பாலைப் போல, பார்க்காமலிருப்பது ரொம்பக் கஷ்டம்!

பந்தைப் பலமாக விடுவதா, மெள்ள விடுவதா என்பதைத் தரைதான் தீர்மானிக்கிறது. பந்து 27 மீட்டர் ஓடி நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, தரையின் வேகத்தைச் சொல்வார்கள். இங்கேதான் வேடிக்கை. அதிக விநாடி எடுக்கும் தரைக்குத்தான் 'வேகத் தரை' என்று பெயர்! நியூஜிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பதினான்கு விநாடிக்கு மேலும் ஆகும். மழவழப்பான தரை, மெதுவாக விட்டாலே பந்து நகர்ந்து கொண்டே இருக்கும், நிறைய வளையும். இங்கிலாந்தின் ஈரப் புல்லில் பத்துப் பன்னிரண்டு விநாடியிலேயே பந்து படுத்துவிடும்; பலமாகத் தள்ள வேண்டும், வளைவும் குறைவு. ஒரு தரையில் வருஷக்கணக்கில் பழகிய கை, இன்னொரு தரைக்குப் போனதும் முதல் நாள் குழந்தைக் கையாகிவிடும். வேறு வீட்டு அடுப்பில் தோசை வார்க்கிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு தோசை பிய்ந்த பிறகுதான் கல்லின் குணம் தெரியும். போட்டியில் அந்த இரண்டு தோசைக்குக்கூட அவகாசம் கிடையாது.

நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றுக்கு இரண்டு பந்து. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு பந்துகள் அந்தச் சின்ன வெள்ளைப் பந்தைச் சுற்றி வந்து உட்காரும். அதற்கு 'ஜாக்' என்று பெயர். எதிரியின் மிகக் கிட்டத்துப் பந்தைவிட நெருக்கமாக உங்கள் பந்துகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை புள்ளி. பர்மிங்ஹாம் விழாவில் பதினைந்து சுற்று. ஆக, ஆளுக்கு முப்பது தடவை குனிந்து, முப்பது தடவை ஒன்றரைக் கிலோவைத் தரையோடு விட வேண்டும். "கிழவர் விளையாட்டு" என்று இதைக் கேலி செய்கிறவர்கள் தண்ணீர்க் குடத்தை முப்பது தடவை இறக்கி வைத்துப் பார்க்கட்டும்.

அரையிறுதியில் எதிரே வந்தது நியூஜிலாந்து. இந்த ஆட்டத்தில் பெரிய கை. நம்மவர்கள் 16-13 என்று ஜயித்தார்கள். பதக்கம் நிச்சயம், எந்த நிறம் என்பதுதான் பாக்கி. இறுதி ஆட்டம் தென்னாப்பிரிக்காவோடு. ஏழு சுற்று முடிந்தபோது நமக்கு 8, அவர்களுக்கு 2. சரி, முடிந்தது என்று காப்பி கலக்க எழுந்து போனவர்கள் ஏமாந்தார்கள். தென்னாப்பிரிக்கர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து எட்டுக்கு எட்டு ஆக்கி, அதோடும் நிற்காமல் 10-8 என்று முந்தியும் விட்டார்கள். சில சுற்றுகளே மிச்சம்.

அந்த இடத்தில்தான், சகோதரிகளே, பன்னிரண்டு வருஷப் பழக்கம் பேசிற்று. ஆட்டம் கையை விட்டுப் போகும்போது பிடி தன்னையறியாமல் இறுகும். இறுகினால் சுண்டு விரல் ஏறும். ஏறினால் பந்து தள்ளாடும். இறுகவில்லை. அதற்குப் பிறகு எதிர்க் கட்சிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. நம்மவர்கள் வரிசையாக ஒன்பது புள்ளி சேர்த்தார்கள். 17-10. கடைசியில் நால்வரும் கட்டிக் கொண்டு அழுதார்கள். அதைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் யாரும் எங்கள் வீட்டில் இல்லை. ஆண்கள் நால்வர் அணியும் அதே விழாவில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் எனக்குக் காப்பி கிடைக்காது.

நயன்மோனிக்கு 2022-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது; அடுத்த ஆண்டு விருது பிங்கிக்கு.

திண்டிவனம் என்ற பெயரே புளிய மரத்தால் வந்தது என்பார்கள். 'திந்திரிணி' என்றால் புளி. அங்கே உள்ள சிவபெருமானுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். அந்தப் பக்கத்து வீடுகளில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் அதுதானே மூலதனம்! ஐந்தாங்கல் ஆடுகிற பெண்ணின் கையை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கல்லை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் நாலு கல்லைச் சத்தமில்லாமல் வாரிக் கொள்ளும் விரல்கள். அடியில் பரந்த விரல், மேலே கட்டை விரல், இறுகாத பிடி. எல்லாம் அந்தக் கையில் ஏற்கெனவே இருக்கிறது. தாவணி போட்ட அன்றோடு கல்லைப் பரண்மேல் போட்டு விடுகிறோம். பையன்கள் மட்டும் தலை நரைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டையைத் தூக்கிக் கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். யார் மீது குற்றம் சொல்வது? சீமையிலேயே 1930-இல் தொடங்கிய காமன்வெல்த் விழாவில் ஆண்கள் முதல் வருஷமே இந்தப் பந்தை உருட்டினார்கள். பெண்களுக்கு இடம் கிடைத்தது 1982-இல், பிரிஸ்பேன் நகரில். ஐம்பத்திரண்டு வருஷம் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்!

வயது விஷயத்துக்கு வருகிறேன். அதே பர்மிங்ஹாம் விழாவில் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் மில்லர் தங்கம் வாங்கியபோது அவருக்கு 75 வயது. பார்வைக் குறைவு உள்ள ஆட்டக்காரருக்குத் திசை சொல்லி வழிகாட்டுபவர் அவர். காமன்வெல்த் விழாவிலேயே மிக மூத்த தங்கப் பதக்கக்காரர் என்று பெயரெடுத்தார். ரோஸ்மேரி லென்டன் என்ற அம்மாளுக்கு 72. சக்கர நாற்காலியில் இருந்தபடியே உருட்டித் தங்கம் வாங்கினார். குனிய முடியாதவர்களுக்கு, முனையில் பந்தைக் கவ்வும் ஒரு கைக்கோல் உண்டு, நின்றபடியே உருட்டலாம். பல நாட்டுக் கிளப்புகளில் பாட்டிமார் அதை வைத்துக் கொண்டு பேரன்களைத் தோற்கடிக்கிறார்கள். 2026-ஆம் ஆண்டு கிளாஸ்கோ விழாவுக்கு விளையாட்டுகளைப் பத்தாகச் சுருக்கியபோதுகூட இதை எடுத்துவிடவில்லை. புல்தரைக்குப் பதிலாக உள்ளரங்கில் என்று மாற்றினார்கள்.

நம் பக்கம் இதற்கான புல்தரையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பந்தும் கிளாஸ்கோ, மெல்போர்ன் போன்ற ஊர்களில் செய்து வருவது, மலிவில்லை. ஆனால் விரலும் முழங்காலும் கூடத்திலேயே பழகும். நீளமான தாழ்வாரம் இருந்தால் தரையில் ஒரு நூலை நேராகக் கட்டி, டென்னிஸ் பந்தை நூலை விட்டு விலகாமல் உருட்டிப் பாருங்கள். பந்து வளையாது, வாஸ்தவம். கை நேராகப் போகிறதா என்பது தெரிந்துவிடும். முழங்கால் வலிக்காரர்கள் இடது கையை நாற்காலியின் மேல் ஊன்றிக் கொள்ளலாம். டில்லிக்கோ ராஞ்சிக்கோ கல்கத்தாவுக்கோ போகும்போது யாராவது உங்கள் கையில் நிஜப் பந்தையே கொடுத்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பந்தின் இரண்டு பக்கத்திலும் வட்டம் போட்டிருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சின்ன வட்டம் இருக்கும் பக்கமாகத்தான் பந்து வளையும். மாற்றிப் பிடித்துவிட்டால் அடுத்த வரிசையில் ஆடுகிறவர்கள் நடுவே போய் நிற்கும்; நலங்குச் சிரிப்புத்தான். வலப் பக்கமாக விட்டாலும் சரி, இடப் பக்கமாக விட்டாலும் சரி, சின்ன வட்டம் எப்போதும் உள்பக்கம்.